6 வயது மகன் எண்களைத் திருப்பி எழுதுவது பற்றி

மகன் 3, 7 இரண்டையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறான், நாலு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். திருப்பி எழுதுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். எழுதப் பழகும் பிள்ளைகளிடம் 7 வயதுவரை இது சகஜம். கோப்பையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோப்பைதான். எழுத்துக்கு மட்டும் திசை உண்டு என்பது அவர்களுக்குப் புதுப் பாடம். "3 எந்தப் பக்கம் பார்க்கும்?" என்று கேளுங்கள், பல சமயம் அவனே திருத்திவிடுவான்.

கைவலியைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பென்சிலை அழுத்துகிறானா பாருங்கள். அப்படியென்றால் விரல்களுக்கு இன்னும் பலம் போதாமல் இருக்கலாம். தயவுசெய்து கூடுதலாக எழுத வைக்காதீர்கள், எழுத்தே வெறுத்துவிடும். களிமண் பிசையட்டும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டட்டும், சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். அப்புறம், துண்டுப் பென்சில் கொடுத்துப் பாருங்கள். அதை முஷ்டியால் பிடிப்பது கஷ்டம், விரல் நுனிகள் தானாக வேலைக்கு வரும்.

8 வயதை நெருங்கியும் திருப்பி எழுதுவது மாறாமல், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் திணறினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண் பரிசோதனையை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்.