சவுல் ராஜாவின் தோல்வியில் கணக்கப்பிள்ளைக்கு என்ன பாடம்?

சவுலின் கிரீடத்தை விடுங்கள், அவர் சொன்ன சாக்குகளைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையான எனக்கு ஒரு ராஜாவின் வீழ்ச்சியில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கேதான் இருக்கிறது.

வேதாகமத்தில் 1 சாமுவேல் 15ஐ மெதுவாக வாசியுங்கள். அமலேக்கியரை ஆடுமாடுகளோடு முற்றிலும் அழிக்க வேண்டும் என்பதே சவுலுக்கு வந்த கட்டளை. கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சவுல் சொல்லும்போதே பின்னால் ஆடுகள் கத்துகின்றன. ஜனங்கள்தான் அவற்றைத் தப்பவைத்தார்கள் என்கிறார், பலியிடத்தான் என்கிறார். ஜனங்களுக்குப் பயந்தேன் என்ற உண்மை 24ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகும் 30ஆம் வசனத்தில், மூப்பர்களுக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணச் சொல்கிறார். என்னை உலுக்குவது இந்த வசனம்தான்.

நீங்கள் குற்றத்தின் அளவை ஒப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் கதை தூரமாகத் தெரிகிறது.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் நானும் தராசு பிடித்தவன். ஒரு மழை நாளில், ஈரக் கொழுந்து என்று ஓர் அம்மாவுக்குத் தேவைக்கு மேல் இரண்டு கிலோ கழித்தேன். "மேலிடத்து உத்தரவு" என்றேன். அவர் பேசாமல் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போனார். அந்த உத்தரவு என் ஆட்டுச் சத்தம்.

இன்றிரவு இந்த வாரத் தவறு ஒன்றை எழுதுங்கள். 'அவர்கள்தான்', 'ஏனென்றால்' என்று தொடங்கும் வரிகளை அடியுங்கள். தன் பாவத்தைச் சுட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம், 'நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்' என்று தாவீது ராஜா சாக்கில்லாமல் சொன்னதைப் போல ஒரு வரி மிஞ்சுகிறதா என்று பாருங்கள் (2 சாமுவேல் 12:13).

ஒன்றில் மட்டும் கவனம். இந்த அதிகாரத்தை உங்களுக்கு மட்டும் வாசியுங்கள். மண்சரிவில் லயத்தை, அதாவது தோட்டக் குடியிருப்பை, இழந்தவரிடம் சவுலுக்கு வந்த தண்டனையைப் பேசாதீர்கள்; தன் இழப்பும் தண்டனைதான் என்று அவருக்குக் கேட்கும்.