கேக்குக்கும் வியர்க்கும்

மழை இன்னும் ஓயவில்லை, அதற்குள் கேக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. தீபாவளிக்கு அதிரசம் ஏன் எண்ணெயில் பிரிந்துபோகிறது என்று கேட்ட அதே கையெழுத்துகள்தான். நானும் பெரம்பூர்க்காரி. அப்பா கோச் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் பக்கத்தில் வளர்ந்ததால் டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டிலும் மாவும் முட்டையும்தான். இந்த மாதம் மற்றக் கேள்விகளுக்கு விடுமுறை.

*வெண்ணெய் போட்டு கேக் செய்தேன். மாலையில் பஞ்சு போல இருந்தது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் செங்கல். டப்பா சரியில்லையா அம்மா?*
*— வாசகி, ராயபுரம்*

டப்பாவின் மேல் பழி போடாதீர்கள், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. குற்றவாளி ஃப்ரிட்ஜ்.

ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பருக்கையும் விறைத்து நிற்கும். தண்ணீர் வற்றியதால் அப்படி ஆவதில்லை. வேகும்போது நீரைக் குடித்துக் குழைந்த ஸ்டார்ச், குளிர்ந்ததும் மறுபடி இறுகிக்கொள்கிறது. அதே சோற்றைச் சூடாக்கினால் மெத்தென்று ஆகிவிடுகிறது அல்லவா? கேக்கில் இருப்பதும் மாவுதான். வெளியில் இருந்தாலும் அது மெல்ல இறுகத்தான் செய்யும். ஆனால் 4 டிகிரி வாக்கில், அதாவது ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில், மிக வேகமாக இறுகும். போதாததற்கு நீங்கள் போட்ட வெண்ணெயும் குளிரில் கட்டியாகிவிட்டது.

அந்தக் கேக்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள், வெண்ணெய் இளகிவிடும். பிறகும் கடினமாக இருந்தால், துண்டுகளை மூடி போட்ட கிண்ணத்தில் வைத்து, சோறு வெந்த பானையின் மூடி மேல் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்குப் பத்து விநாடி போதும். இருபது விநாடி வைத்துவிட்டு, ஆறியதும் ரப்பராகிவிட்டது என்று எனக்கு எழுத வேண்டாம்.

அடுத்த முறை க்ரீம் இல்லாத வெறும் கேக்கை அலமாரியிலேயே வையுங்கள். இந்த மாதத்தில் மூன்று நாள் தாங்கும், மே மாதமென்றால் இரண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தே ஆக வேண்டிய வீடு என்றால் வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றிச் செய்யுங்கள், குளிரிலும் அது உறையாது. வாசனைக்கு ஆசைப்பட்டுத் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் மறுபடி செங்கல்தான்.

*நான் ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. ஈரம் போகாமலிருக்கச் சூட்டோடு ஃபாயிலில் சுற்றி வைத்தேன். மேலே பிசுபிசுத்து, மூன்றாம் நாள் பூசணம் பூத்துவிட்டது. ஏன்?*
*— வாசகி, திருவொற்றியூர்*

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 1972 டிசம்பர் நினைவுக்கு வந்தது. அப்போது எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேக் சுடும் ‘அவன்’ அடுப்பு கிடையாது. வீட்டில் மாவு கலந்து, அலுமினியத் தட்டுகளில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டைக் குத்தி பேக்கரிக்குக் கொண்டுபோவோம். ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில் நம் கேக்கை வைத்துக் கொடுப்பார்கள். அந்த வருடம் தூறல் போட்டது. கேக் நனையக்கூடாதே என்று அப்பா சுடச்சுட பாலிதீன் தாளில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். அம்மாவும் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் பிரித்தபோது தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். திராட்சைகளைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள். நான்கு தட்டுக் கேக்கும் குப்பைக்குப் போனது. அம்மா அன்று அப்பாவிடம் பேசவே இல்லை.

மழையில் நனையாத கேக், தன் ஆவியிலேயே நனைந்துவிட்டது. உங்கள் ஃபாயிலுக்குள் நடந்ததும் அதுதான்.

‘அவன்’ அடுப்பிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே விடுங்கள். பிறகு மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து அதன் மேல் எடுத்து வையுங்கள். கம்பித் தட்டு இருந்தால் சரி, இல்லையென்று கடைக்கு ஓட வேண்டாம். அடியிலும் காற்றுப் போனால் போதும். மெல்லிய துணியால் மூடுங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். அரைக் கிலோ கேக் முழுக்க ஆற இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். மேல்புறத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளங்கையை அடியில் வைத்துப் பாருங்கள், உள்ளே சூடு மிஞ்சியிருந்தால் அங்கே தெரியும். அதன் பிறகே டப்பா.

எவர்சில்வர் சம்படமே போதும். அடியில் ஒரு பட்டர் பேப்பர் போடுங்கள். உங்கள் அடுப்படியில் உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கசிந்து நீர் கட்டியிருந்தால் — காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் பல வீடுகளில் கட்டும் — உங்கள் வீட்டுக் காற்றே ஈரக்காற்று. டப்பாவை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். வாழைப்பழ கேக், தேங்காய்ப்பூ போட்ட கேக் எல்லாம் அங்கே ஒரு நாளைக்குத்தான். டப்பாவில் ரொட்டித் துண்டு ஒன்றைப் போட்டு வைக்கும் வித்தையை அந்த வீடுகளில் செய்யாதீர்கள். ரொட்டி தன் ஈரத்தைக் கேக்குக்குக் கொடுப்பது உண்மை, ஆனால் கேக்குக்கு முன்பே ரொட்டி பூத்துவிடும்.

*எறும்பு!*
*— வாசகர், கொருக்குப்பேட்டை*

கடிதமே இவ்வளவுதான். பதிலும் அவ்வளவே: அகலத் தட்டில் நீர், நடுவில் கவிழ்த்த கிண்ணம், அதன் மேல் டப்பா. நீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு வரும்.

*வீட்டில் நானும் கணவரும் மட்டும். வட்டக் கேக்கை முக்கோணமாக வெட்டினால் வெட்டிய முகம் மறுநாளே காய்ந்துவிடுகிறது.*
*— வாசகி, தண்டையார்பேட்டை*

உங்கள் பிரச்சினைக்கு 1906-லேயே ஒருவர் யோசித்துவிட்டார். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, சாப்பிட இரண்டே பேர் இருக்கும் வீட்டில் வட்டக் கேக்கை எப்படி வெட்டுவது என்று ‘நேச்சர்’ அறிவியல் இதழுக்குக் கடிதமே எழுதினார். ஓரத்திலிருந்து தொடங்காமல், நடுவில் ஒரு பட்டையாக இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெட்டி எடுங்கள். மிஞ்சும் இரண்டு பாதிகளையும் நெருக்கி ஒட்டி, ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். வெட்டிய முகம் வெளியே தெரியாது. மறுநாள் குறுக்கே இன்னொரு பட்டை, மறுபடி நெருக்கல். கடைசி வரை உள்ளே மெத்தென்று இருக்கும். ஐசிங் போட்ட கேக்குக்கு மட்டும் இது ஒத்துவராது.

பாதிக் கேக்கை முதல் நாளே ஃப்ரீசரில் போடுவது இன்னும் நல்லது. ‘ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றீர்களே’ என்பீர்கள். ஃப்ரீசரின் கடுங்குளிரில் அந்த இறுகல் ஏறக்குறைய நின்றேபோகும். துண்டுகளைத் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, மேலே ஃபாயில் சுற்றி வையுங்கள். மீன் பொட்டலத்தின் பக்கத்தில் வேண்டாம், வெண்ணெய் வாசனையை இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதம் நன்றாக இருக்கும். வெளியே எடுத்தால் உறையைப் பிரிக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். நீர் உறையின் மேல் கோக்கட்டும், கேக்கின் மேல் கோக்கக்கூடாது.

ஏற்கெனவே காய்ந்தது இருக்கிறதென்றால், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கொதிக்க வைத்து ஆற்றி, கேக்கைக் குச்சியால் குத்தி நாலைந்து கரண்டி தடவுங்கள். தடவியதை அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும்.

*எங்கள் வீட்டில் ரம் கூடாது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறிய பழம் போட்டுச் செய்யும் பிளம் கேக் ஒரு மாதம் தாங்குமா?*
*— வாசகி, வியாசர்பாடி*

தாங்காது. ரம்மில் ஊறிய பழத்தைக் கெடாமல் காப்பது அந்த ஆல்கஹால்தான். அதனால்தான் கேக்கைச் சுட்ட பிறகும் வாரம் ஒரு கரண்டி ஊற்றி வைக்கிறார்கள். சாறு இனிக்கும், காக்காது. பழத்தை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் ஊற வைத்தால் போதும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு சுடுங்கள். நாலைந்து நாளில் தெரு முழுக்கக் கொடுத்து முடித்துவிடுங்கள், அல்லது ஃப்ரீசர். எதில் ஊறியதானாலும் பழக் கேக்கில் ஃபாயில் நேராகப் படக்கூடாது, பழத்தின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். நடுவில் பட்டர் பேப்பர்.

*க்ரீம் கேக் செய்த அன்று மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. மறுநாள் இன்னொரு கேக்கின் ஓரத்தில் லேசாகப் பூசணம். இரண்டையும் சாப்பிடலாமா? பூசணத்தைச் சுரண்டிவிட்டால் போதும் என்கிறார் என் மாமியார்.*
*— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

க்ரீம் கேக்கின் இடம் ஃப்ரிட்ஜ்தான், அங்கே பேச்சே இல்லை. கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஃப்ரிட்ஜ் குளிர் தாங்கும், சாப்பிடுங்கள். மேசை மேலேயே இருந்ததென்றால் வேண்டாம். வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, புழுக்கம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்.

பூசணம் விஷயத்தில் மாமியார் சொல்வதைக் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிவது பூ மட்டும், கேக் போன்ற மெத்தென்ற பண்டத்தில் அதன் இழை உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் எறியுங்கள், சம்படத்தை வெந்நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.