தேதியா, ஊரா: ஏதாவது ஒன்றைத்தான் சொல்ல முடியும்

அன்புள்ள அம்மா,

ஓய்வு பெற்ற பிறகு நீங்களும் உங்கள் கணவரும் ஓராண்டு படகிலேயே வாழ்ந்து, அமெரிக்காவின் கிழக்குப் பாதியைக் கடலோரம், ஏரிகள், நதிகள் வழியாகச் சுற்றும் 'கிரேட் லூப்' பாதையில் போய் வந்ததைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு 64 வயது. வரும் மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். அதே பயணம் போக வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. 34 அடி ட்ராலர் (தங்கி வாழ வசதியுள்ள, மெதுவாகப் போகும் மோட்டார் படகு) ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறேன்.

மனைவிக்குத்தான் மனம் வரவில்லை. மகள் ஓர் ஊரில், மகன் வேறோர் ஊரில். பேரனுக்கு ஆறு வயது. "ஒரு வருஷம் பிள்ளைகளைப் பார்க்காமல் தண்ணீரில் என்ன வேலை?" என்கிறாள். அவளுக்காகவே ஓர் அட்டவணை போட்டேன். எந்தத் தேதியில் எந்தத் துறையில் இருப்போம், யார் எங்கே வந்து ஏறலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். இந்தப் பயணத்தால் உங்கள் குடும்பத்தோடு இடைவெளி விழுந்ததா?

எம்.

அன்புள்ள நண்பருக்கு,

அட்டவணையை நானும் பார்த்தேன், என் கணவரும் பார்த்தார். "நாமும் இதே மாதிரி ஒன்று போட்டோமே" என்றார். போட்டோம்தான். அதனால் எங்களுக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஃபுளோரிடாவில் கிளம்பி, அட்லாண்டிக் கரையை ஒட்டிய உள்நீர்வழியாக வடக்கே போய், ஹட்சன் நதியும் ஈரி கால்வாயும் பிடித்துப் பேரேரிகளை அடைந்து, சிகாகோவில் தெற்கே திரும்பி, நதி நதியாக மாறி அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்தில் கடலைத் தொட்டு, வளைகுடாக் கரையோரமாகக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். ஏறக்குறைய 6,000 மைல். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம் என்பதால் அந்த மாதங்களில் தெற்குக் கரையில் இருப்பதைத் தவிர்ப்பார்கள். ஈரி கால்வாய் மே மாத நடுவில்தான் திறக்கும். ஆக, வசந்தத்தில் வடக்கு, கோடையில் ஏரிகள், இலையுதிர் காலத்தில் நதிகள் என்ற பெரிய வரிசை தானாகவே அமைந்துவிடும். உங்கள் அட்டவணையிலும் அது சரியாகவே இருக்கிறது. அதற்குள் எந்த நாள் எங்கே என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். நம் ட்ராலர்கள் மணிக்கு எட்டு ஒன்பது மைல் போகும். நாளொன்றுக்கு 50 மைல் போனால் நல்ல நாள். மூன்று நாள் காற்றில் விட்டதை ஒரே நாளில் ஓட்டிப் பிடிக்க முடியாது.

மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதியில் மகன் குடும்பம் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் எங்களோடு ஏறுவதாக ஏற்பாடு. நாங்கள் அதற்குத் தெற்கே, வட கரோலினாவில், அலிகேட்டர் நதியின் வாயில் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஆல்பமார்ல் சவுண்ட் என்ற கடற்கழி. அகலமான நீர்ப்பரப்பு, ஆனால் ஆழம் இருபது அடி வந்தாலே அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீளமாக எழாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறிக்கொண்டு வரும். பக்கத்தில் நின்ற படகுக்காரர்கள் யாரும் கிளம்பவில்லை. நாங்கள் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை மாலை பேத்தி வந்து நிற்பாளே என்ற ஒரே காரணம்.

நடுச் சவுண்டில் இன்ஜின் நின்றுவிட்டது. படகு குலுங்கிய குலுக்கலில் டீசல் தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கசடு கலங்கி ஃபில்டரை அடைத்திருந்தது. என் கணவர் கீழே இறங்கி ஃபில்டரை மாற்றப் போனார். நான் முன்னால் தவழ்ந்து போய் நங்கூரத்தை இறக்கினேன். ஆழம் குறைவு என்பதால் பிடித்துக்கொண்டது. ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை எல்லாம் வெளியேற்றி, இன்ஜின் மறுபடி ஓட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை சில்லிட்டுப் போகும்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு போன் பண்ணியிருந்தால் நான் காரைத் திருப்பிக்கொண்டு நீங்கள் இருந்த இடத்துக்கே வந்திருப்பேனே அம்மா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படகில் திரிகிறவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பார்க்க வருகிறவருக்குத் தேதியைச் சொல்லலாம், இல்லாவிட்டால் ஊரைச் சொல்லலாம், இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. கிளம்பும் முன்பே கேள்விப்பட்டிருந்தும் எங்களுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்குப் பிறகு மகனுக்குத் தேதியை மட்டும் கொடுத்தோம். அவனுக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளி, லீவை நகர்த்த முடியாது. முந்தின நாள் போன் செய்து, நாங்கள் எங்கே இருக்கிறோமோ அங்கே வருவான். என் அக்காவுக்கு ஊரை மட்டும் கொடுத்தோம். அவளும் ஓய்வு பெற்றவள், எந்த நாளானாலும் சரி. ஈரி கால்வாய் தொடங்கும் வாட்டர்ஃபோர்டில் அடுத்தடுத்து ஐந்து லாக் (தண்ணீர் நிரப்பிப் படகை மேலே ஏற்றும், கதவு வைத்த அறைகள்), படகைச் சுமார் 170 அடி உயர்த்திவிடும். அதில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இரண்டு நாள் முன்னால் சொன்னோம், பெட்டியோடு வந்து நின்றாள். உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் தேதி, ஊர் இரண்டும் இருக்கின்றன. வரிக்கு ஒன்றை அழித்துவிடுங்கள்.

ஆனால் என் பெரிய குறை அதில் இல்லை. நீங்கள் போட்ட பன்னிரண்டு மாதத்தில் படகை விட்டு இறங்கும் நாளே இல்லை. குடும்பம்தான் உங்களைத் தேடி வர வேண்டும். உங்கள் மனைவி அதைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

படகுக்கு வரும்போது பிள்ளைகள் விருந்தாளிகள். இரண்டு நாள் சந்தோஷமாக இருப்பார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் வீட்டில் போய் இருப்பது வேறு. பேத்தியைப் பள்ளியில் விட்டு, சளி பிடித்தால் மடியில் வைத்துக்கொண்டு, மகள் அலுவலகத்திலிருந்து களைத்து வரும்போது கதவைத் திறந்துவிட நாம் அங்கே இருக்க வேண்டும். எங்கள் படகு மொபைல் விரிகுடாப் பக்கம் ஒரு மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்) நவம்பர் கடைசியிலிருந்து ஏழு வாரம் தனியாக நின்றது. கடல்நீர் உள்ளே வரும் வால்வுகளை எல்லாம் மூடி, அடித்தளத்து நீரை இறைக்கும் பம்புக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்து, வாரம் ஒருமுறை ஏறிப் பார்க்க ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துவிட்டு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு போய்விட்டோம். அந்தப் பகுதியில் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அதற்கு முன்பே, அக்டோபரில், மருமகனுக்குக் கால் முறிந்தது. நாங்கள் அப்போது டென்னசி நதியில் இருந்தோம். புயல் பருவம் தணியும் வரை தெற்கே இறங்கக் கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்களில் நிபந்தனை இருக்கும், எங்களுடையதிலும் இருந்தது. எப்படியும் காத்திருக்க வேண்டிய நாட்கள். மறுநாள் காலையே மகள் வீட்டில் இருந்தோம், மூன்று வாரம் இருந்தோம். வேலையில் இருந்த காலத்தில் அவளுக்குப் பிரசவம் ஆனபோது என்னால் ஐந்து நாள்தான் லீவு எடுக்க முடிந்தது. அந்த வருத்தம் எனக்கு அந்த அக்டோபரில்தான் கொஞ்சம் தணிந்தது.

இடைவெளி விழுந்ததா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு நாள்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஓய்வுக்கு முந்தின வருஷம் மகளும் மகனும் எங்களோடு இருந்தது, இருவரையும் சேர்த்து 16 நாள். படகில் இருந்த வருஷம் 93 நாள். உங்கள் மனைவி கேட்பது இந்தக் கணக்கைத்தான். அட்டவணையை மடக்கி வைத்துவிட்டு, அவர் எத்தனை நாள் வேண்டும் என்கிறாரோ அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மீதியைப் படகுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் முடியாவிட்டால் என்ன? இரண்டு மூன்று வருஷத்தில் பகுதி பகுதியாக முடிக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

வேறு சில விஷயம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ட்ராலரின் உயரத்தை அளந்து பாருங்கள். சிகாகோவுக்குத் தெற்கே திறக்காத பாலம் ஒன்று இருக்கிறது, அடியில் 19 அடி 6 அங்குலம்தான் இடம். அதைச் சுற்றிப் போக வழியில்லை. 65 வயதில் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும்போது யோசித்துச் சேருங்கள். அரசு நேரடியாக நடத்தும் அசல் மெடிகேர் என்றால் அதை ஏற்கும் மருத்துவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் போகலாம். தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் திட்டங்கள் பல ஒரு வட்டாரத்துக்குள்தான். பேரேரிப் பக்கம் கனடாவுக்குள் போனால் அங்கே பொதுவாக மெடிகேர் உதவாது, அதற்குத் தனிக் காப்பீடு எடுங்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை, ஓடும் படகின் மேல்தளத்தில் உயிர்காப்பு அங்கி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பேரன் அளவுக்கு ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், ட்ராலருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைப் படகு எடுத்துப் பாருங்கள். கனடாவில் உள்ள ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் கிடைக்கும். சுக்கானை உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கயிற்றைப் பிடியுங்கள். ஆல்பமார்லில் அன்றைக்கு எனக்கு நங்கூரம் இறக்கத் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேரனையும் கூட்டிப் போங்கள். அவனுடைய அப்பா அம்மா வராவிட்டால் எல்லையில் காட்ட அவர்களிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நீர்வழியிலுள்ள பீட்டர்பரோவில் 1904இல் திறந்த ஒரு படகுத் தூக்கி இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய இரண்டு ராட்சதத் தொட்டிகள், தராசுத் தட்டு மாதிரி. மேலே இருப்பதில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள், அந்தக் கனத்தில் அது இறங்க, மற்றது படகோடு 65 அடி மேலே போகும். எங்கள் பேத்தி இரண்டு நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள், குளிக்கும்போது இரண்டு வாளி வைத்துச் செய்து பார்த்தாள்.

ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பள்ளி இருக்காது.

அன்புடன்.