பெயர் ஒன்று, படை வேறு

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளம் என்றாலும் கலவரம் என்றாலும் 'நேஷனல் கார்ட்' இறங்குகிறது. அது ஆளுநரின் படையா, ஜனாதிபதியின் படையா? எங்கள் நாட்டில் உள்ள தேசிய பாதுகாவலர் படையும் அதுதானா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெயர்தான் ஒன்று. எங்களுடையது இராணுவத் தொண்டர் படையணி. மாகாண ஆளுநருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே சாதாரண நாட்களில் தலைமை மாநில ஆளுநருக்கே. 1636 டிசம்பர் 13இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் ஊர்க்காவல் படைகளை மூன்று ரெஜிமென்ட்டுகளாக்கியதே இதன் தொடக்கம். 1903ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் பணத்தையும் பயிற்சித் தரத்தையும் கொண்டுவந்தது. வீரர்கள் பெரும்பாலும் பகுதிநேரத்தவர்: மாதம் ஒரு வாரஇறுதி, வருடம் இரு வாரப் பயிற்சி.

குழப்பம் வருவது இங்கேதான். யார் கட்டளையிடுகிறார், யார் சம்பளம் கொடுக்கிறார் என்று தனித்தனியாகப் பாருங்கள். மாநிலப் பணியில் இரண்டும் மாநிலம். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 32ஆம் பகுதியான 'டைட்டில் 32'இல் கட்டளை ஆளுநருடையது, பணம் மத்திய அரசுடையது. அதன் 10ஆம் பகுதியான 'டைட்டில் 10'இல் இரண்டும் மத்திய அரசு, தலைமை ஜனாதிபதி. அப்போது 1878ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும்: சட்டம் தனியாக இடம் தந்தாலன்றிப் பொலிஸ் வேலை செய்யக்கூடாது.

1957 செப்டெம்பரில் ஆர்கன்சா ஆளுநர் இந்தப் படையைக் கொண்டு ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பாடசாலை வாசலில் மறித்தார். சில வாரங்களில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் அதே படையைத் தன் கட்டளைக்குள் எடுத்தார். மறித்த படையே அந்தப் பிள்ளைகளுக்குக் காவல் நின்றது. படை மாறவில்லை, கட்டளை மாறியது. தலைநகர் வாஷிங்டனில் மட்டும் ஆளுநரே இல்லை. அங்கே எப்போதும் ஜனாதிபதிதான்.