குறும்படத்தின் ஒலி: ரெக்கார்டரா, வயர்லெஸ் மைக்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களுடன் சேர்ந்து குறும்படம் எடுக்கவிருக்கிறேன். டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே வசனங்களைப் பதிவு செய்ய எண்ணம். பூம் மைக் (நீண்ட கோலின் நுனியில் பொருத்திப் பிடிக்கும் மைக்) ஒன்று கைவசம் இருக்கிறது. கையடக்க ரெக்கார்டர், வயர்லெஸ் மைக் இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். 32 பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய ஒலி முதல் மிக உரத்த ஒலி வரை ஒரே பதிவில் அடக்கும் முறை) ரெக்கார்டர் இருந்தால் ஒலியளவைப் பற்றிய கவலையே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரெக்கார்டரையே வாங்குங்கள்; ஆனால் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும் மைக்கை நம்பி அல்ல. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தொலைவு இரட்டிப்பானால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால், மைக் விலக விலகக் குரல் எதிரொலியில் அமிழ்ந்துவிடும். ஆகவே பூம் மைக்கை ஃப்ரேமின் மேல்விளிம்பைத் தொடும் அளவுக்கு இறக்கி, நடிகரின் நெஞ்சை நோக்கித் திருப்பி, கேபிள் வழியாக ரெக்கார்டரில் இணைத்துவிடுங்கள்.

32 பிட் ஃப்ளோட் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. முணுமுணுத்துக்கொண்டிருந்த நடிகர் திடீரென்று கத்தினாலும் பதிவில் ஒலி உடையாது. அளவைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறியிருந்தாலோ, வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்குள் (நடிகர் அணியும், ஒலியை அலையாக அனுப்பும் கருவி) நுழையும்போதே குரல் உடைந்திருந்தாலோ அதை மீட்க வழியில்லை. எதிரொலியையும் அது குறைக்காது. சாதாரண 24 பிட் ரெக்கார்டரில் ஒலியின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி உடையும்) ஒட்டி நிற்குமாறு வைத்துக்கொண்டு, ஒருவர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருந்தால் பெரும்பாலான காட்சிகளுக்கு அதுவே போதும்.

நடந்துகொண்டே பேசும் காட்சிக்கும், பூம் நுழைய முடியாத வைட் ஷாட்டுக்கும் வயர்லெஸ் தேவைப்படும். அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள். சட்டைக்குள் மறைக்கும் மைக்கின் இருபுறமும் துணியை ஒட்டி அசையாமல் செய்து, மைக்குக்குக் கீழே கம்பியை ஒரு சிறு வளையமாகச் சுற்றி ஒட்டிவிட்டால் உரசலும் இழுவையும் பெரிதும் அடங்கும். விலை குறைந்த பல கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்த அலையை மனித உடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்வதால், நடிகர் திரும்பி நின்றதும் ஒலி விட்டுவிட்டு வரக்கூடும். ரிசீவரை டிரான்ஸ்மிட்டரின் நேர்ப்பார்வையில், சற்று உயரமாக வைப்பது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்று: கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் ஒன்றல்ல; அதனால் படமும் ஒலியும் மெல்ல மெல்ல விலகும். பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடே ஒரு மணி நேரத்தில் 36 மில்லிவிநாடியாகும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது ஏறக்குறைய ஒரு ஃப்ரேம். டேக்குக்கு டேக் கிளாப் அடித்தால் இந்த விலகல் உங்களைத் தொடாது. கேமராவின் மைக்கையும் அணைக்காதீர்கள். கிளாப் தவறிய டேக்கில் அந்த மட்டமான ஒலியை வைத்துத்தான் எடிட்டர் பொருத்தியாக வேண்டும்.