க⁵ − 4க³ + 7 ஏன் ஒற்றைச் சார்பு அல்ல?

தம்பி, பினாங்கில் எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதம் படிக்கும் நீங்கள், "அடுக்குகள் 5, 3 இரண்டும் ஒற்றைப்படைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 7ஐயும் பாருங்கள். க⁰ என்றால் 1, அதனால் அது 7க⁰, சுழியம் இரட்டைப்படை எண். மாறிலியைப் பலர் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள், மதிப்பெண் போவது அங்கேதான்.

க இருக்கும் இடத்தில் −க இடுங்கள். ஒற்றை அடுக்குள்ள உறுப்புகளின் குறி மாறும். இரட்டை அடுக்குள்ளவை அப்படியே நிற்கும். எல்லாம் மாறினால் ஒற்றைச் சார்பு, எதுவுமே மாறாவிட்டால் இரட்டைச் சார்பு, கலந்து வந்தால் இரண்டும் இல்லை. உங்கள் கோவை −க⁵ + 4க³ + 7 ஆகிறது. 7 மட்டும் அசையவில்லை. எண்ணை இட்டும் பாருங்கள்: 1 இட்டால் 4, −1 இட்டால் 10. ஒற்றைச் சார்பானால் −4 வந்திருக்க வேண்டும், இரட்டைச் சார்பானால் 4.

(க − 1)² போன்றவற்றை முதலில் விரித்துவிடுங்கள். க² − 2க + 1 என்று எழுதிய பிறகுதான் நடுவில் இருக்கும் ஒற்றை அடுக்கு கண்ணில் படும்.