கேமரா கேள்வி–பதில்: சுவரை ஒட்டி நிற்காதீர்கள்

கேள்வி: கேமராவோடு வந்த கிட் லென்ஸில் பின்னணி மங்கவில்லை என்று 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கினேன். புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் முன்னால் தங்கையை நிறுத்தி எடுத்தால், சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிகிறது. லென்ஸில் கோளாறா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சுவர்தான் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் அப்பர்ச்சரையே (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும், பின்னணி மங்கும்) பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியை யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் 2 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், சுவர் தங்கைக்கு அரை மீட்டர் பின்னால் என்று வைப்போம். அந்த லென்ஸ் அந்தத் தூரத்தில் தரக்கூடிய முழு மங்கலில் ஐந்தில் ஒரு பங்குதான் சுவரில் விழும். இடைவெளியை 6 மீட்டராக்கினால் முக்கால் பங்கு கிடைக்கும். உங்கள் பழைய 18–55 மி.மீ. கிட் லென்ஸை 55 மி.மீ.-இல், எஃப்/5.6-இல் வைத்து இந்த 6 மீட்டர் இடைவெளியோடு எடுத்தால், சுவரை ஒட்டி எஃப்/1.8-இல் எடுத்ததைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மங்கும். காசு செலவழிக்கும் முன்பே செய்து பார்த்திருக்கலாம்!

ஒயிட் டவுன் தெருக்கள் நேர்கோடாகப் போகின்றன. சுவருக்கு நேரெதிரே நிற்காமல், தெருவின் நீளவாக்கில் கேமராவைத் திருப்புங்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் இருபது, முப்பது மீட்டர் பின்னால் போய் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். தலைக்குப் பின்னால் வெள்ளை ஜன்னல் சட்டமோ வெயில் பட்ட இலையோ வந்தால், எவ்வளவு மங்கினாலும் கண்ணை இழுக்கும். அரையடி நகர்ந்தால் போதும், அது மறைந்துவிடும்.

கேள்வி: எஃப்/1.8-இல் பரதநாட்டிய உடையில் எடுத்த படத்தில் நெத்திச்சுட்டி கூர்மையாக இருக்கிறது, கண் மங்கல். கல்யாண ஜோடியை எடுத்தால் பெண் தெளிவு, மாப்பிள்ளை மங்கல். – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ., எஃப்/1.8, 2 மீட்டர் தூரம் என்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தம் சுமார் 11 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் இரண்டரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஃபோகஸ் புள்ளியைக் கேமரா தேர்ந்தெடுக்க விட்டால், முன்னால் பளபளப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியை நீங்களே நகர்த்தி, கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணில் வையுங்கள். கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து அப்புறம் கேமராவைத் திருப்பும் பழக்கம் கிட்டத்தில் உதவாது: ஒரு மீட்டரில் 10 டிகிரி திருப்பினாலே கூர்மைத் தளம் ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும், கண் தப்பிவிடும்.

ஜோடிக்கு எஃப்/4 வையுங்கள். 2 மீட்டரில் 24 செ.மீ. ஆழம் கிடைக்கும். இருவர் முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளையைத் தோளுக்குப் பின்னால் நிறுத்தும் போஸ் வேண்டுமென்றால் எஃப்/5.6. பின்னணி தூரத்தில் இருந்தால் அதிலும் கரையும்.

கேள்வி: தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மதியம் எஃப்/1.8 வைத்தால் படம் வெளுத்துப் போகிறது. – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நல்ல வெயிலில் எஃப்/1.8-இல் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100-க்கு ஷட்டர் வேகம் 1/8000 வினாடி அளவு வேண்டும், ஆரம்பநிலை கேமராக்கள் பல 1/4000-இலேயே நின்றுவிடும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (என்டி8) போட்டால் 1/1000-க்கு இறங்கிவிடும். லென்ஸ் முகப்பில் உள்ள விட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள். மலிவானது நிறத்தைக் கெடுக்கலாம். ஃபில்டர் இல்லையென்றால் எஃப்/2.8 வைத்து, ஆளை அலைப்பக்கம் முன்னால் வரவழைத்து, படகுகளைத் தூரத்தில் விடுங்கள். நம் கரையில் மாலைச் சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குவதால், ஐந்து மணிக்கு மேல் முகத்தில் விழும் ஒளியும் மென்மையாகும். மதியத்தில் மூக்கு நிழலை எந்த அப்பர்ச்சரும் சரிசெய்யாது.

கேள்வி: போன் போர்ட்ரெய்ட் மோடில் மல்லிகைச் சரத்தின் ஓரம் பிய்ந்தாற்போல் வருகிறதே? – வாசகி, நெல்லித்தோப்பு

பதில்: அந்த மங்கலின் பெரும்பகுதியை மென்பொருள்தான் பூசுகிறது, முடி, பூ, மூக்குக்கண்ணாடி ஓரங்களில் அது தடுமாறும். மங்கல் அளவைப் பாதியாகக் குறையுங்கள், பூவின் நிறத்துக்கு மாறான பின்னணியைத் தேடுங்கள். சரத்தை மட்டும் எடுப்பதானால் போர்ட்ரெய்ட் மோடே வேண்டாம்: மேக்ரோவை (மிகக் கிட்டத்தில் எடுக்கும் வசதி) அணைத்து, மெயின் கேமராவில் ஃபோகஸ் ஆகும் அளவுக்கு நெருங்குங்கள். அங்கே லென்ஸே நிஜமாக மங்கலாக்கித் தரும்.